பனியரக்கன் மேடை மாறுகிறான்

பனியரக்கன்: ...அதனாலதான் சொல்றேன். நாலு மணி ஆட்டத்துக்கு நீ என் மேடைக்குப் போ, நான் உன் மேடைக்குப் போறேன்.

இரும்புவாயன்: விளையாடுறியா? படக்கதையில உன்னை அடிக்கிறவன் கழுகுவீரன். என்னை அடிக்கிறவ தீப்பொறி. மாத்திப் போய் நின்னா பார்க்குக்கு வர்ற வாண்டுங்க கேள்வி கேட்டே கொன்னுடும்.

பனியரக்கன்: ஒண்ணும் கேக்காது. பனிக்கும் தீக்கும் சண்டைன்னா விசில் பறக்கும்! கதை எழுதுனவனுக்கே தோணலை, எனக்குத் தோணிச்சு பாரு...

இரும்புவாயன்: பெரிய ஆளுதான். திரும்பு, வேஷத்தோட முதுகு ஜிப்பு தொறந்து கிடக்கு.

பனியரக்கன்: மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன்...

இரும்புவாயன்: மேனேஜர் கிடக்கட்டும். கழுகுவீரன் என்ன கனம்! நெஞ்சு மேல ஏறி உக்காந்தான்னா நான் என்ன ஆறது?

பனியரக்கன்: மூச்சைப் பிடிச்சுக்கடா. இத்தனை வருஷமா நான் சுமக்கலை?

இரும்புவாயன்: சரி, அது என்ன இன்னிக்குன்னு பாத்து?

பனியரக்கன்: சும்மாதான்.

இரும்புவாயன்: சும்மா... தீப்பொறி வேஷத்துல இன்னிக்கு உன் பொண்ணு முதல் தடவையா மேடை ஏறுறா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல?

பனியரக்கன்: தெரிஞ்சுக்கிட்டே வாயைக் கிளறுற பாரு! ஆமாடா. ஜனம் கத்தலைன்னா நாளைக்கு வேற பொண்ணைப் போட்டுடுவாங்க. அவ உதை பெரிசாத் தெரியணும்னா, வாங்குறவன் ஒழுங்கா விழணும்.

இரும்புவாயன்: ஏன், நான் ஒழுங்கா விழலையா?

பனியரக்கன்: நீ சோபாவுல சாயுற மாதிரி விழுவே. நான் விழுந்தா மதில் உச்சியிலேர்ந்து மெத்தை வரைக்கும் அலறிக்கிட்டே போவேன். கடைசி வரிசைக்காரன் எழுந்து நிப்பான்!

இரும்புவாயன்: அதெல்லாம் சரி. மேடை தர முடியாது.

பனியரக்கன்: என்னடா இது! ரெண்டு நாளா அவ என் முகத்தையே பாக்க மாட்டேங்குறா. பயந்து போயிருக்கா, பாவம்.

இரும்புவாயன்: பயமா? அவளுக்கா?

பனியரக்கன்: பின்னே?

இரும்புவாயன்: ...மணி அடிச்சாச்சு. உன் மேடைக்குக் கிளம்பு.

பனியரக்கன்: காரணம் சொல்லாம நகர மாட்டேன்.

இரும்புவாயன்: சொன்னா தாங்க மாட்டே.

பனியரக்கன்: ஊரையே உறைய வைக்கிறவன்டா நான். சொல்லு!

இரும்புவாயன்: நேத்தே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "சித்தப்பா, அப்பா வந்து மேடையை மாத்திக் கேப்பாரு, குடுத்துடாதீங்க. நான் காலைத் தூக்குறதுக்கு முன்னாடியே விழுந்துடுவாரு. ஜனம் அவரு விழுறதைத்தான் பாக்கும், என்னைப் பாக்காது"ன்னா.

பனியரக்கன்: ...அப்படியா சொன்னா?

இரும்புவாயன்: அப்படியேதான் சொன்னா.

பனியரக்கன்: என் பொண்ணுடா! ...இந்தா, உன் வேஷத்துக் கொம்பைப் பிடி. ஓடு. அவகிட்ட மட்டும் லேசுல விழுந்துடாதே.