அஞ்சாவது ஸ்டீல்

தலைய ஆட்டாதீங்க தில்மன். கழுத்துல கத்தி இருக்கறப்ப ஆமா ஆமான்னு தலையாட்டுற ஆளு இந்த ஸோலிங்கன் ஊர்லயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீங்க. அதுவும் சவரக் கத்தி செய்யறவரு. ஆமான்னா ஒரு விரல் காட்டுங்க, இல்லைன்னா ரெண்டு. ம், அப்படி.

என் சலூனுக்குள்ள நுழையறப்ப என்ன சொன்னீங்க? ஃப்ராவ் லங்கே, இது அஞ்சாவது ஸ்டீல், இதையும் நீங்க வேண்டாம்னுட்டா சவரக் கத்திய இதோட தல முழுகிடறேன், மச்சான் பட்டறையில கெழங்கு சீவற கத்தி அடிக்கப் போயிடறேன்னு. நல்ல முடிவு. ஜெர்மனி பூரா உருளக்கெழங்கு திங்குது, தோல் சீவ யாராவது வேணும்ல. பட்டறை எங்கயோ தூரத்துல பவேரியாவுல இருக்குங்கறத மட்டும் கோட்டைக் கழட்டற சாக்குல முணுமுணுத்துட்டீங்க. என் காது நல்லாத்தான் கேக்கும்.

மொதல்ல சாதா கார்பன் ஸ்டீல்ல ஒண்ணு கொண்டாந்தீங்க. ஈரம் பட்டா துரு ஏறும்னேன். ஊருக்கே தெரிஞ்ச சங்கதி அது. தொடச்சு வெச்சா ஏன் ஏறப்போவுதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டாத்தானே. போயி எவர்சில்வர்ல ஒண்ணு அடிச்சுட்டு வந்து நின்னீங்க. பளபளன்னுதான் இருந்துச்சு. அதத் தீட்டி முடிக்கறதுக்குள்ள ஆளுக்கு தாடி மறுபடி மொளச்சிரும்னேன். மூஞ்சி தொங்கிப்போச்சு உங்களுக்கு.

அப்புறம் அந்த டமாஸ்கஸ் ஸ்டீல். கத்தி பூரா நெளிநெளியா, லேஸ் பின்னல் கெட்டுது போங்க. சவரம் பண்றவன் கண்ணாடியப் பாப்பானா, கத்தி அழகப் பாப்பானா? மூக்கு மிஞ்சாதுன்னேன். அதுக்கடுத்து வெள்ளி ஸ்டீல். வெள்ளி பேருலதான் இருக்கு, உள்ள மருந்துக்குக்கூடக் கெடையாது. அதுல என்ன கொறன்னு கேட்டீங்க. எனக்கு அவசரத்துல ஒண்ணும் தோணல. பிடி பச்சையா இருக்கு, எனக்குப் பச்ச ஆகாதுன்னேன். ஸ்டீலக் கேட்டா பிடியச் சொல்றாளேன்னு ஒரு சந்தேகம் வரணுமா இல்லையா? நல்லதுங்கன்னு சொல்லிட்டு தொப்பிய மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. நல்லா படச்சாரு சாமி உங்கள.

எதிர்ல ரொட்டிக்கடை ட்ராவ்டே கேக்கறா, அந்தாளு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக்கூட பரட்டத் தாடியோட வராரே, வீட்ல ஏதாவது துக்கமான்னு. இல்லம்மா, அவரு எனக்காக தாடி வளக்கறாருன்னு சொல்ல முடியுமா? கத்திய சோதிக்கணும்னு வளக்கறாருன்னேன். அவ சிரிச்ச சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

சரி, இந்த சுவீடன் ஸ்டீலுக்கு வருவோம். இழுக்குதா? ரெண்டு விரலா? பொய். கண்ணுல தண்ணி நிக்குது. எண்ணெயில முக்கினதுக்கப்புறம் மறுசூடு காட்டினீங்களே, அது பத்தல. அவசரப்பட்டிருக்கீங்க. கத்தி வெறச்சுப்போயி நிக்குது, வெளிம்பு பொடிப்பொடியா உதிருது. இந்தாங்க, தாடைக்கடியில ரத்தம். படிகாரம் வெக்கறேன், எரியும், பொறுத்துக்குங்க.

இல்ல தில்மன். இது தேறாது. மத்ததுக்கெல்லாம் வாய்க்கு வந்தத சொன்னேன், இது சத்தியமாவே தேறாது.

எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க. ஒரு பக்கம் மழுமழுன்னும் ஒரு பக்கம் முள்ளாவுமா பவேரியா போவீங்க? ரயில்ல பக்கத்துல எவனும் உக்கார மாட்டான். மிச்சத்த வேற கத்தியில எடுத்து விடறேன். இருங்க, ட்ராயர்ல இருக்கு.

ம். இது எப்படி? வலிக்கல இல்ல? கத்தி ஓடறதே தெரியல, இல்ல? ஒரு விரல். இப்பத்தான் உண்மை வருது.

உங்களுதுதான். மொதல்ல கொண்டாந்தீங்களே, அதேதான். மறந்துட்டுப் போனீங்கன்னு நெனச்சீங்களா, நான்தான் துண்டுக்கடியில தள்ளி வெச்சேன். தெனமும் தொடச்சு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெக்கிறேன். துரு ஒரு புள்ளி இருந்தாக் காட்டுங்க. அன்னிக்கே நல்லாத்தான் இருந்துச்சு. இதவிட நல்ல கத்தி என் கையில பட்டதில்ல. பவேரியாவெல்லாம் வேண்டாம், இந்த ஸ்டீல்லயே அடிங்க.

ஏன் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்குன்னு சொன்னா சந்தோஷமா வாங்கிக்கிட்டுப் போயிருப்பீங்க. அடுத்த திங்கக்கெழம எதுக்கு வரப்போறீங்க? ஆமா, திங்கக்கெழம. இந்த ஊர்ல பொறந்து வளந்தவரு நீங்க, திங்கக்கெழம எந்த சலூனாவது தொறந்து பாத்திருக்கீங்களா? வாசல்ல மூடியிருக்குன்னு பலக தொங்குது. அத ஒதுக்கித் தள்ளிட்டுத்தான் வாராவாரம் உள்ள வரீங்க. ட்ராவ்டேக்குப் புரிஞ்சது உங்களுக்குப் புரியல.

தனியா இருக்கறவளுக்கு வாரத்துலயே நீளமான நாளு அதுதான். உங்களாலதான் அது எனக்குப் பிடிச்ச நாளாச்சு.

வாய மூடுங்க, நுரை உள்ள போவுது. பதில் இப்ப வேண்டாம். அடுத்த திங்கக்கெழம வாங்க, கத்தி கித்தி ஒண்ணும் வேண்டாம், வெறுங்கையோட வாங்க. செர்ரிப் பழம் காய்ச்சி, ஊத்தித் திங்க வாஃபிள் அப்பம் சுட்டு வெக்கறேன். அப்புறம் இந்த ஃப்ராவ் லங்கேங்கற மரியாதை எல்லாம் போதும். எம்பேரு ரோஸ்விதா.