சனிக்கிழமை நிறுவை

எனக்குத் தேநீர் பிடிக்காது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் டாக்டராக இருந்தவன் காபி குடிக்கிறான் என்று அரவேணு கடைவீதியில் இன்றைக்கும் சிரிப்பார்கள். உங்களுக்கும் காபிதான் போடச் சொல்லியிருக்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கிறீர்கள், குடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எண்பத்துநான்கு வயது. ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொல்லத் தெம்பு இல்லை.

முதலில் குடும்பம். அது தெரியாமல் மற்றது விளங்காது. என் தாத்தா துரைமார் காலத்தில் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர். பங்களா வராந்தாவில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மருந்துப் பெட்டியைத் திறப்பார். அப்பா அதே தோட்டத்தில் கம்பவுண்டர். நான் அங்கேயே டாக்டர். இந்தச் சில்வஸ்டர் டாக்டர் வந்தால் மேனேஜர் எழுந்து நாற்காலி போடுவார். இந்த மூன்று படி ஏற எழுபது வருடம் ஆயிற்று. என் மகள் ஜெஸிந்தா நான்காவது படி.

அவளுக்கு நிச்சயமான கல்யாணம், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து படியிறங்கும்போது என் கூடப்பிறந்த அக்காவே நாலு பேர் காதில் விழச் சொன்னாள்: “பொட்டப்புள்ளைய இத்தனை படிக்க வெச்சா இப்படித்தான். இனி அந்தப் பட்டத்தைக் கட்டிக்கிட்டு அழட்டும்.” அந்தப் பட்டத்தை இவள் வாங்கியே தீர வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அது எண்பத்தொன்றாம் வருடம். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய. வந்து சில வருடம் ஆகியும் கையில் ஒன்றும் கிடையாது. தாய்மார் கொழுந்து கிள்ளப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தை அவர்கள் பிள்ளைக் காம்பரா என்பார்கள். மேல் டிவிஷனில் ஒன்று, கீழ் டிவிஷனில் ஒன்று. பட்டத்துக்காக ஜெஸிந்தா எடுத்த ஆராய்ச்சி எளிமையானது. மேல் காம்பராவில் கடலை மாவும் வெல்லமும் பால்பவுடரும் சேர்த்த உருண்டை. கீழ் காம்பராவில் வழக்கமான கஞ்சி. எட்டு மாதம், சனிக்கிழமைதோறும் நிறுத்து எழுத வேண்டும். கீழே உள்ளவர்கள் ஒப்பீட்டுக் குழு. நாங்கள் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டோம்.

மேல் காம்பரா ஆயா பேச்சியம்மாவுக்கு இது புரியவில்லை. “ஏங்கய்யா, கீழ்க் காம்பராப் புள்ளைகளுக்கு வாயைத் தைச்சா போட்டிருக்கு?” என்று என்னிடமே கேட்டாள். பிறகு மடியில் உருண்டைகளை மறைத்துக் கீழே கொண்டுபோனாள். அவளைக் களையெடுக்கிற வேலைக்கு மாற்றச் சொன்னேன். வேலையை விட்டு நீக்கச் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சிக்கு ஒரு விதி உண்டு. எந்தக் குழந்தையின் எடையாவது ஒரு கோட்டுக்குக் கீழே போனால், உடனே ஆய்விலிருந்து எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நல்ல விதி. நான்தான் எழுதச் சொன்னேன். இன்னொரு விதி ஜெஸிந்தாவின் பேராசிரியர் போட்டது: குழுவுக்கு முப்பது பிள்ளைகளுக்குக் குறைந்தால் ஆய்வேடு செல்லாது. கீழே முப்பத்துநான்கு பேரில் ஆரம்பித்தோம். இரண்டு பிள்ளைகளின் குடும்பம் கூடலூருக்குப் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளைக் கோட்டுக்குக் கீழே போனதால் நானே எடுத்துச் சேர்த்தேன். ஐந்தாம் மாதத்தில் சரியாக முப்பது.

நிறுவை என்றால் தோட்டத்தில் கொழுந்து நிறுவைதான். கொழுந்து குறைந்தால் முழு நாள் உழைத்தும் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. ஈரக் கொழுந்து என்றால் அதற்கும் கழிப்பார்கள். அதனால் கூடைக்குள் கல் போடுவது அந்தப் பெண்களுக்குப் புதிதல்ல. பிள்ளைகளைத் துணித் தொட்டிலில் வைத்துத் தராசில் தொங்கவிட்டபோது அவர்களுக்கு அந்த ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும். “டாக்டரய்யா, எம்மவன் இப்பத்தான் ஒண்ணுக்குப் போனான், ஈரத்துக்குக் கழிச்சுராதீங்க” என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது. ஜெஸிந்தாகூடச் சிரித்தாள். குளிருக்காக ஸ்வெட்டரோடு நிறுத்து, அதற்கு இருநூறு கிராம் கழித்துக்கொள்வோம். குழந்தையைத் தூக்கி வைத்து எடையைச் சொல்வது நான். எழுதுவது அவள்.

கருப்பம்மாளின் மகள் செல்லக்கண்ணுவுக்கு இரண்டரை வயது. அப்பன் இல்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளைத் தூக்கியபோது ஸ்வெட்டரின் ஓரம் கனத்தது. விரலால் தடவினேன். ஃபேக்டரியில் கிடக்கிற இரும்பு நட்டுகள், ஐந்து, மடித்துத் தைத்திருந்தது. ஸ்வெட்டருக்குக் கழித்தது போக முள் எட்டு கிலோவைக் காட்டியது. கோடு ஏழே முக்கால். நட்டு இல்லாமல் பிள்ளை எவ்வளவு என்று மனக்கணக்குப் போட எனக்கு நேரமாகவில்லை.

எடை குறைந்தால் பிள்ளைக்கு அரைப்பேர் போட்டுக் காம்பராவிலிருந்து தள்ளிவிடுவோம் என்று அந்தத் தாய் நினைத்திருந்தாள். குறைந்தால்தான் வைத்தியம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இருபத்தொன்பது. “எட்டு” என்றேன். ஜெஸிந்தா எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான். ஒரு தரம் ஜெஸிந்தா கேட்டாள்: “அப்பா, அந்தப் பிள்ளைக்குக் காலெல்லாம் ஊதின மாதிரி இருக்கே?”

“குளிருக்கு அப்படித்தான் இருக்கும்மா. முப்பது வருஷமா பாக்கறேன்.”

நம்பினாள். அப்பா சொன்னால் நம்பும்படி வளர்த்திருந்தேன்.

முடிய மூன்று வாரம் இருந்தபோது கருப்பம்மாள் டிஸ்பென்சரிக்கு வந்தாள். ஐந்து நட்டையும் என் மேசைமேல் வைத்தாள். “ஏமாத்திப்போட்டேங்கய்யா. புள்ளை இப்ப அழக்கூட மாட்டேங்குது. அரைப்பேர் போட்டாலும் போடுங்க, மருந்து மட்டும் குடுத்துருங்க.”

நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. இனிப்பான டானிக் ஒரு பாட்டில் கொடுத்து, சனிக்கிழமை வழக்கம்போலத் தூக்கி வா என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள். நட்டுகளை மேசை இழுப்பறையில் போட்டேன்.

ஆய்வுக் கட்டுரையை இந்த வீட்டில், நீங்கள் எழுதுகிற இதே மேசையில்தான் எழுதினோம். ஜெஸிந்தா தட்டச்சு செய்வாள். வாக்கியம் நான் சொல்வேன். வெளிநாட்டுப் பத்திரிகையின் ஆசிரியர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்: உடல்நிலை மோசமான குழந்தைகளை என்ன செய்தீர்கள்? பதிலை யோசிக்க எனக்கு ஒரு மாலை பிடித்தது. “கோட்டுக்குக் கீழே போனதாகப் பதிவான இரு குழந்தைகளும் உடனே சிகிச்சைக்கு அனுப்பப்பட்டனர். ஆய்வுக் காலத்தில் இறப்பு எதுவும் இல்லை.” இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடைசி நிறுவை சனிக்கிழமை. செல்லக்கண்ணுவைத் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். புதன்கிழமை விடியும்முன் போய்விட்டாள். இறுதியில் தாய்மார்களின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லியிருந்தோம்.

என் தவறு ஒன்றே. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. சேர்த்த அன்று எடை ஏழு கிலோ இருநூறு என்று உள்ளபடி எழுதிவிட்டேன். போன வருடம் அந்த ஆஸ்பத்திரியை மூடியபோது பழைய பதிவேடுகள் வீட்டுக்கு வந்தன. ஜெஸிந்தா புரட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை எட்டு, திங்கட்கிழமை ஏழு இருநூறு. வயிற்றுப்போக்கு என்று சொல்லிப் பார்த்தேன். “இதுல வயிற்றுப்போக்குன்னு எழுதலையேப்பா” என்றாள். பிறகு, கருப்பம்மாள் நட்டுகளைக் கொண்டுவந்து வைத்தது வரை சொன்னேன். மார்ச்சில் வீட்டை விட்டுப் போனவள், ஈஸ்டருக்கும் வரவில்லை.

கருப்பம்மாள் உண்மையைச் சொல்லி நட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்ட பிறகும் மூன்று நிறுவை நடந்தது. மூன்றிலும் எட்டு கிலோ எப்படி வந்தது என்று கேட்க வந்திருக்கிறீர்கள். பிள்ளையைத் தொட்டிலில் வைக்கும்போது அவற்றைத் துணிக்கு அடியில் வைத்தவன் நான். முதல் சனிக்கிழமை செல்லக்கண்ணு என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டதால் கொஞ்சம் தாமதமாயிற்று. மற்ற இரண்டு சனிக்கிழமையும் சிரமம் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பட்டத்தையும் ஒப்படைக்கிறேன் என்று ஜெஸிந்தா உங்களுக்கு எழுதியிருக்கிறாளாம். தயவுசெய்து ஏற்காதீர்கள். குற்றத்தை என் பெயரில் எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவள் பெயர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். கோபம் ஆறினால் அவளுக்கே விளங்கும். தன் பிள்ளையின் பெயர் வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்று கருப்பம்மாள் என்ன செய்தாளோ, அதைத்தான் நானும் செய்தேன். அவளால் முடியவில்லை. என்னால் முடிந்தது.