அண்ணனின் பெருவிரல்

சகல சனங்களுக்கும் இதனால் அறியத்தருவது: மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களின் தலைமைப் பிடில் வித்துவான் ஹோரேஸ் அவர்களின் வலதுகால் பெருவிரலை மட்டி ஓடு வெட்டிவிட்டது. என் அண்ணன் தன் விரலைப் பற்றி அப்படித்தான் அறிவித்தார், சேர். கேட்பதற்கு வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

நீரிழிவு, எங்கள் சீனி வருத்தம், அவர் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. குனிந்து பார்க்க வயிறு விடாது. ஆகவே மருந்து கட்டுவதும், புண் எப்படி என்று சொல்வதும் என் வேலையாயிற்று. அண்ணன் என் வார்த்தைக்குக் காத்திருந்தது வாழ்நாளில் அப்போதுதான்.

"எப்பிடிடா இரிக்கு?"

"ஆறுது அண்ணன்."

"ஆறத்தானே வேணும். நான் இல்லாட்டி அஷ்லிட கலியாணத்துல ஆருடா வாசிக்கிற? நீயா?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அஷ்லி எங்கள் தங்கை லொறெய்னின் மகன். எங்கள் கலியாணங்களில் பிடில் எழும்பினால்தான் கப்பிறிஞா ஆட்டம் எழும்பும். ஒருமுறை அண்ணனுக்குக் காய்ச்சல் என்று நான் வாசித்தேன். அவர் பாதியில் வந்து பிடிலைப் பறித்தார். "தம்பி வாசிக்கல்ல, பலகை அரியுறான்" என்றார். நாங்கள் தச்சுக் குடும்பம். ஆடவந்த எல்லோருக்கும் விளங்கியது. அதன்பிறகு நான் கலியாணங்களுக்குப் போவதில்லை. என்னை ஏன் காணவில்லை என்று யாரும் கேட்டதுமில்லை.

சீழ் என்ற சொல்லை நாங்கள் புண்ணுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. "மனசுக்குள்ள சீழ் வெச்சிரிக்கான்" என்று ஆட்களைப் பற்றியும் சொல்வதுண்டு. என்னைப் பற்றி ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. நான் அமைதியானவன்.

கட்டுத்துணி பச்சையாக வரத் தொடங்கியது. பிறகு வாடை.

"என்னடா இந்த நாத்தம்?"

"முகத்துவாரம் மூடிக் கிடக்கு அண்ணன். வாவியில மீன் சாகுது."

ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். அந்த நாட்களில் அவர் என்னோடு நிறையக் கதைத்தார். எல்லாம் தன்னைப் பற்றித்தான். என்றாலும் வீட்டில் ஒரு குரல் கேட்டது.

மருந்து எடுக்கப் போனபோது கிளினிக் தாதி வதனி புண்ணின் படத்தைக் கேட்டு வாங்கி, என் போனில் பார்த்தாள். முகம் மாறியது.

"இண்டைக்கே கூட்டிட்டு வாங்க அங்கிள். விரல எடுத்தாக் கால் மிஞ்சும். பிந்தினா ஆளே மிஞ்சாது."

"விரல எடுக்க விடமாட்டன் எண்டு அண்ணன் சொல்லிட்டார், மிஸ்."

அண்ணனிடம் நான் கேட்கவேயில்லை.

கலியாணம் முடியும்வரை அவர் எழும்பாதிருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவர் கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தியே செத்துப்போனார். கொன்றது நான்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

திகதி மாற்றிவைத்த கலியாணத்துக்கு, பிடிலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். அஷ்லி வாசலிலேயே மறித்தான்.

"பிறையன் அங்கிள், இதை ஏன் தூக்கிட்டு வந்த? பிடில் இப்ப ஆர் கேக்கிற? பாட்டுக்கு ஸ்பீக்கர் செட் சொல்லியிருக்கு."

கலியாணம் பேசிய அன்றே அதை அண்ணனிடம் சொல்லிவிட்டார்களாம்.