ஆறு வந்தாலும் ஒன்பது வந்தாலும்

உடுமலையிலிருந்து கோவை போகும் பஸ். என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பேசினார்.

“ஏழும் எட்டும் கையில இருந்துச்சு அம்மணி. ஆறு வந்தாலும் ரம்மி, ஒம்போது வந்தாலும் ரம்மி. அதான் பந்தயத்தை ரெட்டிப்பாக்கிப்போட்டேன். அவிங்க பயந்து உட்டுட்டாலும் கெலிப்பு நமக்குத்தான்.”

“பயந்தாங்களா?”

“இல்ல.”

“ஆறு வந்துச்சுங்களா?”

“ரெண்டுமே வரல.”

“எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச்சுங்க அது.”

“புள்ளிக்கு அஞ்சு பைசா ஆட்டந்தான் அம்மணி. போகப்போக ஏறிப்போச்சு.”

“முன்னாலயே சீட்டைக் கவுத்து வெச்சுட்டு எந்திரிக்க முடியாதுங்களா?”

“முடியும். அதுக்கு ஸ்கூட்டும்பாங்க. கொஞ்சத்தோட போயிரும். ஆனா அத்தனை நல்ல கையை வெச்சுக்கிட்டு ஆராச்சும் ஸ்கூட் உடுவாங்களா?”

சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பொள்ளாச்சி தாண்டி ஒரு ஊருக்குச் சாலை பிரியும் இடத்தில் பஸ் நின்றது. கோவை வரை டிக்கெட் எடுத்திருந்த அந்த அம்மாள் பையோடு எழுந்தார்.

“எங்க அம்மணி? இது உங்கப்பன் ஊரு.”

“ஆமாங்க. பத்து வருசமா நானும் உக்காந்து பாத்துட்டேனுங்க. ஆறும் வரல, ஒம்போதும் வரல. நான் ஸ்கூட்டுங்க.”