உள்ளங்கை மாவில் கண்ட எழுத்துகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முதியவர் கல்பி அலி அவர்களே, மேடையிலுள்ள பெரியோரே, பனியாற்றைக் கடந்து வந்திருக்கும் மேல் பள்ளத்தாக்கு உறவுகளே, தாய் மெஹ்ரங்கேஸ் பீபியை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகள் சயோரா, அனைவருக்கும் என் ஸலாம்.

நான் மேடைக்குப் பழகாதவன். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தியவன் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். பேச்சு தடம் மாறிவிடக் கூடாதென்று எண்ணிட்டு எழுதி வந்திருக்கிறேன்.

1. ஆசிரியை மெஹ்ரங்கேஸ் பீபி நம் வாகி மொழிக்கு எழுத்துகளைத் தேடிய விதம்.
2. கடைசி எழுத்தில் வந்த சண்டை.
3. நம் அரிச்சுவடி இந்த வசந்தத்தில் வெளிவராது என்ற செய்தி.

முதலாவது. நம் மொழியில் காற்று உரசி வரும் ஒலிகள்தாம் எத்தனை! பல்லுக்குப் பின்னால் ஒன்று, நாக்கு மடிந்து ஒன்று, தொண்டைக்குள் இறங்கி ஒன்று. பாரசீகம் நமக்கு உறவுதான். ஆனால் அதன் எழுத்துகள் நம் ஒலிகளுக்குப் போதவில்லை. இது வேறு ஒலி, அது வேறு ஒலி என்று நமக்கே எப்படிக் காட்டுவது?

விருந்தாளியின் தோளில் தூவி வாழ்த்துகிறோமே, அந்த மாவைத்தான் அவர் கையில் எடுத்தார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, வாயருகே பிடித்து, ஒலியைச் சொல்லச் சொல்வார். ஒன்றுக்கு மாவு நேராகப் பறக்கும். ஒன்றுக்குப் பரவும். ஒன்றுக்கு லேசாகக் கலையும். வேறாகப் பறந்தால் வேறு எழுத்து!

“டீச்சரக்கா, எழுத்து கிடைக்குதோ இல்லையோ, எங்க ரொட்டி மாவு தீந்துபோச்சு!” என்பார்கள் பெண்கள்.

“அப்ப ரொட்டி போடாத, சத்தம் போடு!” என்பார் அவர்.

இரண்டு பள்ளத்தாக்கும் தலையாட்டினால்தான் எந்த எழுத்தும் புத்தகத்தில் ஏறும். அது அவர் வகுத்த விதி.

இரண்டாவது. மேல் பள்ளத்தாக்கில் மட்டும் வழங்கும் ஓர் ஒலி, இதே மண்டபத்தில் ஒப்புதலுக்கு வந்தது. கடைக்காரர் நியத் பேக், “இது எழுத்தாய்யா? ஆடு தும்முற மாதிரில்ல இருக்கு!” என்றார். எல்லோரும் சிரித்தோம். மேல் பள்ளத்தாக்குத் தலைவர் ஷம்பி கான் அண்ணன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். “எங்க பேச்சு ஆட்டுத் தும்மல்னா, உங்க புத்தகத்துல எங்க பிள்ளைகளுக்கு என்ன வேலை?”

அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு அச்சடிக்கலாம் என்றோம் கீழ்ப் பள்ளத்தாக்குக்காரர்களான நாங்கள். மெஹ்ரங்கேஸ் பீபி என்ன சொன்னார்? “ஒரு குழந்தையோட வாயைப் பொத்திட்டு மத்த குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தரவா?”

ஒவ்வோர் இலையுதிர் காலமும் சமாதானம் பேச மலையேறினார். கடைசி முறை இருமலோடு போனார். திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை. குளிர்காலம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

மூன்றாவது. வசந்தத்துக்குள் புத்தகம் வராவிட்டால் தாய்மொழி வகுப்பை நிறுத்திவிடுவதாகப் பள்ளி நிர்வாகம் கூறிவிட்டது. மேல் பள்ளத்தாக்கின் சம்மதம் இல்லாததால், அன்பர்களே, வருத்தத்துடன் அறிவிக்கிறேன்...

(ஷம்பி கான் எழுந்து) “நிறுத்துங்க வாத்தியாரே! யாரைக் கேட்டு அறிவிக்கிறீங்க?”

அண்ணே, மன்னிக்க வேண்டும், நீங்கள்தானே சம்மதிக்கவில்லை...

“அது பழைய கதை. அந்தம்மா எங்க பட்டியில உக்காந்து பொழுது சாயுற வரைக்கும் அந்தச் சத்தத்தைப் பழகினாங்க. முக்காடெல்லாம் மாவு! என் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. கடைசில வந்துச்சு பாருங்க, எங்க மாவு பறக்குற மாதிரியே பறந்துச்சு! எங்க சத்தத்தைக் கத்துக்க மலையேறி வந்த மனுஷிகிட்ட எனக்கு என்ன கோபம்? ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க, பாதை திறந்ததும் நானே சபையில வந்து சொல்றேன்’னேன். வந்துட்டேன். கேக்கத்தான் அவங்க இல்ல. அச்சடிங்க!”

(நியத் பேக் எழுந்து) “அண்ணே, அன்னிக்கு நான் பேசினது தப்பு.”

“அது கிடக்கட்டும். அந்தச் சத்தத்தை ஒருவாட்டி சொல்லு, பாப்போம்.”

(நியத் பேக் சொல்லிப் பார்க்கிறார்.)

“இப்பத்தாண்டா நெசமாவே ஆடு தும்முது!”

(சிரிப்பு.)

அன்பர்களே! இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா? மகள் சயோராவே சிரிக்கிறார், ஆகவே சிரிக்கலாம். மெஹ்ரங்கேஸ் பீபியின் பெயரால் உறுதி ஏற்போம். பள்ளி திறக்கும் நாளில் இரு பள்ளத்தாக்குக் குழந்தைகளின் கையிலும் அரிச்சுவடி இருக்கும், ஓர் எழுத்தும் விடாமல்! நாளைக் காலை நானே அச்சகத்துக்குப் புறப்படுகிறேன்.

எண்ணிட்டு எழுதி வந்தேன் அல்லவா? மூன்றாவதாக எழுதியது தவறு. அடித்துவிடுகிறேன்.