தீப்பெட்டி அளவு

— தாடையைக் கொஞ்சம் தூக்குங்க மாப்ள. இன்னும். ஆங், அப்படியே வைங்க. கண்ணை எதுக்கு இப்படி இறுக்கி மூடிக்கிறீங்க?

— நுரை பட்டுடும்னு மாமா.

— நுரை கன்னத்துல இருக்கு, கண்ணுக்கு எங்கே வரப் போகுது? சரி, மூடிக்கிட்டே இருங்க. பக்கவாதம் வந்து நான் படுத்ததுலேர்ந்து பூட்டிக் கிடந்த சலூன். முதல் சவரம் வீட்டு மாப்ளைக்கு. உங்க அத்தை இந்த நாற்காலியைத் துடைக்கும்போதே அழுதுட்டா.

— ஷட்டரை முழுசா இறக்கிடலாமா மாமா? போறவங்க வர்றவங்க எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறாங்க.

— பாக்கட்டுமே! அதுக்குத்தானே பாதி தூக்கி வச்சிருக்கேன். காலையில எதிர்ல மருந்துக்கடைக்காரர் வந்து எட்டிப் பாத்தார். "நாளைக்குக் கடை திறந்ததும் முதல் ஆள் நான்தான். கத்தி பிடிப்பீங்கல்ல?"ன்னார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க, எங்க மாப்ள என் கையை எனக்கே திருப்பிக் கொடுத்துட்டார்"ன்னேன்.

— அவர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?

— யார்கிட்டச் சொல்லல? தையல்காரர், பால்காரம்மா, பேங்க் வாட்ச்மேன்... பிசியோ பொண்ணு கொடுத்த ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிப் பந்துதான் தேஞ்சுது, மாப்ள கொடுத்த பேனாவும் பலகையும்தான் வேலை செஞ்சுதுன்னு. கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடும், திரையில வட்டம் வட்டமா வரும், தாளம் விழற நேரத்துக்குப் பேனாவை நகர்த்திக் கரெக்டா தொடணும், அவ்வளவுதான், கை தானா வழிக்கு வந்துடும்னு நானே இப்போ வாத்தியார் மாதிரி விளக்கம் கொடுக்கிறேன்.

— மாமா, மருந்துக்கடைக்காரருக்குச் சர்க்கரை இருக்கில்ல?

— இருக்கு. போன வருஷம் கால்ல லேசா கீறினது ஆறாம படுத்திடுச்சே மனுஷரை. அதுக்கென்ன? இத்தனை வருஷத்துல அவர் கழுத்துல ஒரு சொட்டு ரத்தம் பாத்ததில்ல நான். பேசாதீங்க, கன்னத்துல ஆரம்பிக்கிறேன்.

— ம்.

— என்ன, உடம்பு இப்படி விறைச்சுப் போச்சு? கை பாரமா விழுதா?

— இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு.

— பழைய லாவகம் இன்னும் வரல. வந்துடும். நேத்து பாத்தீங்கல்ல, அந்த வேகமான பாட்டுல ஒரு வட்டம்கூட விடல நான். உங்க வீட்டுக்காரி, நம்ம பாப்பாகூட வந்து எட்டிப் பாத்துட்டு, "அப்பா, இது நீங்கதானா?"ன்னா.

— மாமா... நாளைக்கே திறக்கணுமா?

— ஏன்? ஏன் அப்படிக் கேக்கிறீங்க? எதையாவது கவனிச்சீங்களா?

— இல்ல இல்ல. சும்மாத்தான். இன்னும் ஒரு மாசம் பயிற்சி பண்ணிட்டு...

— ஊரெல்லாம் சொல்லியாச்சு மாப்ள. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்றது? கேளுங்க, வேற ஒண்ணு உங்ககிட்டப் பேசணும்னு ரொம்ப நாளா இருக்கேன். கல்யாணம் ஆன புதுசுல, சொந்தக்காரங்க எல்லாரும் உக்காந்திருந்தப்போ, "மாப்ள என்ன வேலை பாக்கிறார்?"னு ஒருத்தர் கேட்டார். "எலி பிடிக்கிறார், கையை எடுக்காம நாள் பூரா மவுஸைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்"னேன்.

— அதெல்லாம் எதுக்கு மாமா இப்போ?

— எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்க. அது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. "அப்படி இல்லப்பா, கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டிக்குப் போறவங்க இவர்கிட்டத்தான் வருவாங்க. அவங்க கையைப் பாத்து, மவுஸுக்கு எவ்வளவு வேகம், பேனாப் பலகையில எவ்வளவு இடம்னு இவர்தான் சொல்லுவார்"னு பாப்பா சொன்னா. "கையைப் பாத்தா? அப்போ கைரேகை ஜோசியம்"னு அதையும் கிண்டல் பண்ணேன்.

— விடுங்க மாமா, ப்ளீஸ்.

— விட மாட்டேன். அப்படிப் பேசின ஆளை உக்கார வச்சு, சலிக்காம, தினம் பக்கத்துல இருந்து கையைச் சரிபண்ணிக் கொடுத்திருக்கீங்க. பெத்த பிள்ளைகூட இவ்வளவு செய்ய மாட்டான். உங்களைப் பத்திப் பேசினதை நினைச்சா எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம்போல இருக்கு.

— கையை எடுங்க மாமா.

— எடுக்கிறேன், இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு இழுப்புதான்...

— இப்பவே எடுங்க மாமா! உங்க கை சரியாகல.

— என்னது?

— சரியாகல. நான் செட்டிங்கை மாத்தி மாத்தி வச்சு, சரியான மாதிரி காட்டிட்டேன்.

— புரியற மாதிரி சொல்லுங்க.

— முதல்ல மவுஸ் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கா? நீங்க முக்கி முக்கி நகர்த்துறீங்க, அம்புக்குறி பாதித் திரைகூடப் போகல. மவுஸைத் தள்ளி விட்டுட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டீங்க. அன்னைக்கு நீங்க சாப்பிடல. அத்தை கதவுகிட்ட நின்னு அழுதாங்க. எனக்கு மனசு கேக்கல. மறுநாள் சென்சிட்டிவிட்டியை ஏத்தி விட்டுட்டேன். விரல் லேசா அசைஞ்சாலே அம்பு திரையோட அந்தக் கோடிக்கு ஓடிடும். நீங்க குழந்தை மாதிரி சிரிச்சீங்க. ராத்திரி ரெண்டாந்தரம் சோறு கேட்டீங்க.

— அது மவுஸு. அதைத்தான் அப்பவே விட்டுட்டோமே. அப்புறம் பேனாப் பலகை வாங்கிட்டு வந்தீங்களே?

— அதுலயும் அதேதான் மாமா. பலகை முழுசும் திரை முழுசுக்கும் சமம்னு வச்சாத்தான் கை நீண்டு போய்த் திரும்பி வரும். அதுதான் உங்களுக்கு வேண்டிய பயிற்சி. நான் பலகையில பேனா வேலை செய்யற அந்த ஏரியாவை வாரா வாரம் குறைச்சுக்கிட்டே வந்தேன். முதல்ல உள்ளங்கை அளவு. இப்போ தீப்பெட்டி அளவு. திரையில இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நீங்க பறக்கிறீங்க. ஆனா கை ஒரு தீப்பெட்டியைத் தாண்டி வெளியே வரல.

— நடுக்கம் நின்னுடுச்சே? முதல்ல திரையில புழு நெளியற மாதிரி போச்சு, இப்போ கோடு போட்ட மாதிரி நேரா போகுதே?

— நிக்கல மாமா. ஏரியா சின்னதானா நடுக்கம் இன்னும் பெருசாத்தான் தெரியும். அது தெரியாம இருக்க இன்னொரு செட்டிங் இருக்கு. நடுங்குறதை எல்லாம் தேய்ச்சு நேராக்கிக் காட்டும். அதையும் போட்டு விட்டுட்டேன். கத்திக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது மாமா.

— பாப்பாவுக்குத் தெரியுமா?

— தெரியாது. யாருக்கும் தெரியாது.

— கையைப் பாத்து அளவு சொல்றதுதானே உங்க தொழிலு. தெரியாம செஞ்சுட்டேன்னும் சொல்ல முடியாது.

— தெரிஞ்சேதான் செஞ்சேன். முதல்ல உங்களுக்காகத்தான். அது சத்தியம். அப்புறம்... நீங்க சாப்பிட உக்காரும்போது "மாப்ளையைக் கூப்பிடுங்க, அவர் வரட்டும்"னு சொல்ல ஆரம்பிச்சீங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சு, "இவர்தான், இவர்தான்"னு சொன்னீங்க. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நான் நிமிர்ந்து உக்காந்தது அப்பதான் மாமா. இன்னும் ஒரு வாரம் போகட்டும், இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு ஏரியாவைக் குறைச்சுக்கிட்டே இருந்தேன். உங்க கை எனக்கு மறந்தே போச்சு.

— இப்போ சொல்றீங்க. கழுத்துகிட்ட வந்தப்புறம்.

— சவரம் பண்ணி விடுங்கன்னு நானா வந்து உக்காந்தது எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்க என்னைக் கீறிட்டா, உங்களுக்கே தெரிஞ்சிடும். நீங்களே கடையைத் திறக்காம நிறுத்திடுவீங்க. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. வாயைத் திறக்கிறதைவிடக் கழுத்தை நீட்டுறது சுலபமா இருந்துச்சு மாமா. அவ்வளவு கேவலமான ஆள் நான். நீங்க என்னடான்னா என்கிட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரி பேசறீங்க. அதுக்குப் பதிலா என்னைத் திட்டவாவது திட்டுங்க.

— எங்கேயாவது கீறிச்சா?

— இல்ல.

— எரியுதா?

— இல்லையே... இந்தப் பக்கம் கன்னம் கிட்டத்தட்ட முடிச்சிட்டீங்க. ஒரு சின்ன எரிச்சல்கூட இல்ல. மாமா! அப்போ... அப்போ நிஜமாவே கை கொஞ்சம் தேறியிருக்கா? நான்தான் வீணா பயந்து...

— தடவிப் பாருங்க.

— சொரசொரன்னு... மாமா, தாடி அப்படியே இருக்கு. நுரை மட்டும்தான் போயிருக்கு.

— இதுல பிளேடு இல்ல மாப்ள. மதியத்துலேர்ந்து மாட்டிப் பாக்கிறேன், இந்த விரலுக்கு அதைப் பிடிக்கவே வரல. கைதான் சரியாயிடுச்சே, நான்தான் கோழையாயிட்டேன்னு நினைச்சுக்கிட்டேன். நீங்களும் வந்து உக்காந்துட்டீங்க. உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு, வெறும் பிடியைத் தூக்கிட்டேன்.