சல்லடை பொருத்தும் வரை திறக்காத குளம்

இந்த வெந்நீர் நீச்சல் குளத்தின் மறுதிறப்பு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரமன்றத் தலைவி அவர்களே! பழுதை நீக்கிப் பாதுகாப்பைப் பதித்துத் தந்த தொழிலாளத் தோழர்களே! பனிச்சேற்றில் நடந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ஈரத் துண்டுகளை உலர்த்தி உலர்த்தியே சலித்துப்போன தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், நீரில் எப்போது குதிக்கலாம் என்று காத்திருக்கும் செல்லங்களே! உங்கள் அனைவரின் பற்களையும் அறிந்த பல் மருத்துவர் குன்வோர் வணங்குகிறேன்.

"சுருக்கமா பேசுங்க டாக்டர், தண்ணி ஆறிடும்" என்கிறார் பின்வரிசை நண்பர். ஆறாது ஐயா. ஆறாத ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சென்ற இலையுதிர் காலத்தில், ஒரு பிற்பகலில், எல்ட்ரிட்டின் மகள் தூவா ஆழப் பகுதியின் அடியில் போட்ட விளையாட்டு வளையத்தைத் தேடி மூழ்கினாள். சுத்திகரிப்புக்காக நீரை இழுக்கும் துளையின் மேல் இருந்த சல்லடையில் ஒரு திருகாணி கழன்றிருந்தது. சல்லடை விலகியது. நீரோடு அவள் நீண்ட கூந்தலும் உள்ளே போனது. குழந்தை மேலே வரவில்லை.

உயிர்காப்பாளர் ஹோவர்ட் பாய்ந்தார், பற்றினார், இழுத்தார். கூந்தல் வரவில்லை. தலையை வெளியே நீட்டி, கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கத்தினார்: "டாக்டர், செவுத்துல செவப்பு பட்டன்! அடிங்க!"

ஓடினேன். 'ஓடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே ஓடினேன். சிரிக்கிறீர்கள், அன்று யாரும் சிரிக்கவில்லை. பொத்தானை அடித்தேன். இயந்திரம் நின்றது. இழுத்த நீர் பிடியை விட்டது. தூவா கரைக்கு வந்தாள், இருமினாள், வாந்தி எடுத்தாள், "அம்மா எங்க?" என்றாள்.

அந்தப் பொத்தான் பூட்டிய அறைக்குள் இருந்திருந்தால்? சுவரின் அழகு கெடுகிறது என்று அதை மறைத்து வைத்திருந்தால்? விடையை நான் சொல்ல வேண்டுமா?

அன்றே ஹோவர்ட் குளத்தைப் பூட்டினார். ஊர் முணுமுணுத்தது. "ஒரு திருகாணிதானே, முறுக்கிட்டுத் தெறங்கப்பா" என்றார்கள். திருகாணி மட்டுமா பழையது? சல்லடையும் பழையது, துளையும் பழையது. ஒரு துளை அடைபட்டால் மறுதுளை இழுக்க, இரட்டைத் துளை வேண்டும் என்பது விதி. அதற்குச் சுவரை உடைக்க வேண்டும். குளிர்காலம் முழுதும் உடைத்தார்கள், புதிதாகப் பதித்தார்கள்.

இதற்கிடையே தூவா கூந்தலை ஒட்ட வெட்டிக்கொண்டாள். வீட்டுக் குளியல் தொட்டியில்கூட இறங்க மறுத்தாள். எல்ட்ரிட் ஹோவர்டைத் தேடி வந்தாள். நானும் உடன் இருந்தேன்.

"ஹோவர்ட், அவ பயம் உள்ளேயே கெட்டிப்பட்டுடும்ப்பா. சின்னக் குளத்தையாவது தெற. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"அன்னிக்கும் நீங்க பக்கத்துலதான் நின்னீங்க, எல்ட்ரிட்."

அவள் முகம் வெளுத்தது. அவர் குரலைத் தணித்தார். "சின்னக் குளத்துலயும் அதே பழைய சல்லடைதான். ஒங்க பொண்ணுக்காகன்னு கேட்டாலும் தெறக்க மாட்டேன். ஒங்க பொண்ணுக்காகத்தான் தெறக்க மாட்டேன்."

திரும்பிப் போனாள் எல்ட்ரிட். வெகுநாள் அவரோடு பேசவில்லை. பிறகு, தற்காலிகமாகவாவது திறக்கலாமா என்று ஊர்க்கூட்டம் கூடியபோது, கை தூக்கி எழுந்தவள் அவள்தான். "என் பொண்ணு முடி வளரட்டும். அதுக்குள்ள வேலைய முடிங்க. ஆனா முழுசா முடிங்க" என்றாள். உடனே திறக்கும் தீர்மானம் தோற்றது.

தூவா இன்று நீந்துவாளா? யாரும் கேட்க வேண்டாம். அது அவள் விருப்பம்.

நம் கடமை வேறு. குளித்துவிட்டு இறங்குங்கள், கூந்தலைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள், அடித்தரை தெரியாத நீரில் இறங்கவே இறங்காதீர்கள். விசில் ஒலித்தால் ஏறி வாருங்கள். ஏன் என்று கேளுங்கள், எதற்கு என்று கேளுங்கள், ஹோவர்டோடு சண்டையும் போடுங்கள். ஆனால் கரைக்கு வந்து கேளுங்கள். கேள்வி கேட்க மூச்சு வேண்டும். அந்த மூச்சு கரையில்தான் இருக்கிறது.

குளிரிலும் செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. கதவு திறக்கிறது, வாருங்கள். வணக்கம்.